நாக்கில் வைத்த பன்னிரண்டு கற்கள்

நண்பர்களே, போன வாரம் நம் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான் ஜெராய் மலை அடிவாரத்தில் நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். நம்மில் ஒருவர், "இந்த வயசுல சுத்தியலத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போறது தேவையா லா?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதினான்கு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினான்கில் ஒருவர் தன் வீட்டு மாடிக்கே போகாமல் கீழ்த்தளத்தில் கட்டில் போட்டுக்கொண்டவர். இன்னொருவர் பாசாருக்கு, மீன் வாங்கும் சந்தைக்கு, போய் வரவே பேரனைக் கூப்பிடுகிறவர்.

தேவைதான். அதை அங்கே ஒரு வரியில் எழுதினால் பதினைந்தாவது பொம்மையும் வரும். ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறேன். என் முட்டி இரண்டும் வலிக்கின்றன, மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து, இடது காதில் ஓயாத ரீங்காரம். இவை எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் யாரும் நினைவுபடுத்த வேண்டாம். ஆனால் மலைக்குப் போகாதே, கல்லைத் தொடாதே என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள் அல்ல. அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் என் அப்பா நிற்கிறார், அம்மா நிற்கிறார், எங்கள் தோட்டத்துப் பூசாரி நிற்கிறார்.

சிடாம் கிரி பக்கம் எங்கள் தோட்டம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, சுங்கை பட்டாணியில் இங்கிலீஷ் பள்ளியின் ரிமூவ் என்னும் புகுமுக வகுப்பில் சேர்ந்த வருடம் அது. கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதம். காட்டுக்குள் நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வரும். பால் குறைவு, சம்பளம் குறைவு, வீட்டில் எல்லோருக்கும் கோபம் அதிகம்.

பள்ளி விட்டதும் பேருந்துக்காக நான் நிற்கும் இடத்துக்கு எதிரே ரயில்வே ஊழியர்களின் பொழுதுபோக்கு அறை இருந்தது. பிங்பாங் மேசை ஒன்று, சுவரோரம் கண்ணாடி அலமாரி ஒன்று. அலமாரி முழுக்கக் கற்கள். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்ப்பேன். கம்பியின் துரு மூக்கில் ஒட்டும். மேல் தட்டில் ஒன்பது, நடுத்தட்டில் பதினொன்று, கீழ்த்தட்டில் ஒரே ஒரு பெரிய கறுப்புக் கல், தனியாகப் பட்டுத்துணி மேல். ஜன்னல் வழியாக எண்ணியதே தவிர உள்ளே போகத் துணிச்சல் இல்லை.

ஒரு நாள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒவ்வொரு நாளும் வந்து என்ன பாக்கிறீர்?"

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் யாழ்ப்பாணத்து ஐயா. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பையில் இரண்டு பேனா. அந்த அறையில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் கல் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தில் மொத்தம் எட்டுப் பேர். எல்லோருக்கும் வேறு வேலை. கல் என்பது ஆசைக்கு.

"அந்தக் கறுப்புக் கல்லு என்னாங்க ஐயா?"

"அது வானத்திலையிருந்து விழுந்த கல். மெர்போக் பக்கம் எடுத்தனான். உமக்கு எந்த இடம்?"

இடத்தைச் சொன்னேன்.

"தோட்டமோ?" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் கண் என் காலுக்குப் போனது. அன்று நான் போட்டிருந்த சப்பாத்தில் இடது கால் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

வானத்திலிருந்து விழுந்த அந்தக் கல்லைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மெர்போக் பக்கம் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகள் இருந்ததை இப்போது தோண்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். ஐயாவின் கல், அப்படி ஓர் உலையில் வழிந்து உறைந்த கசடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுப்புக் கழிவைப் பட்டுத்துணியில் வைத்திருந்தவர், என் கட்டைவிரலைப் பார்த்து என்னை எடைபோட்டார். இரண்டுமே தவறான கணக்கு.

சங்கத்தில் ஒரு நகைக்கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, இருந்தார். சீனர், குட்டையானவர், சிரித்தால் மூன்று தங்கப்பல் தெரியும். அவர்தான், "பூடாக் இனி போலே லா," இந்தப் பையன் தேறுவான் என்று சொல்லி, அந்த மாதப் பயணத்துக்கு என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டார். யான் என்னும் ஊருக்குப் போனோம். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், இன்னொரு பக்கம் ஜெராய் மலை, நடுவில் எங்கள் லோரி. மலையிலிருந்து இறங்கும் ஓடையில் கால் வைத்ததும் குளிர் பல்லுக்கு ஏறியது. ஓடைக் கரையில் வெள்ளைப் பாறைக்குள் கறுப்புக் கம்பிகளைச் செருகி வைத்தது போல ஒரு பாறை. கம்பி ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் கோடு கோடாக வரி. டூர்மலின் என்றார்கள். வெள்ளையாக இருந்தது குவார்ட்ஸ். இரண்டு குவார்ட்ஸ் துண்டுகளை உரசினால் தலைமுடி கருகும் வாசனை வரும் என்று தவுக்கே காட்டிக்கொடுத்தார். இன்றும் அந்த வாசனை எனக்கு எந்தப் பலகாரத்தையும் விட மேல்.

அங்கேதான் இன்னொன்றையும் பார்த்தேன். பெரியவர்கள் எல்லோரும் கல்லை நக்கினார்கள்! காய்ந்த கல் தன் நிறத்தைக் காட்டாது. ஈரம் பட்டால்தான் வரியும் நிறமும் எழும்பி வரும். தவுக்கே வெளிப்படையாக நாக்கை நீட்டி நக்கினார். சங்கத்தில் இருந்த ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா, விரலில் எச்சில் தொட்டுத் தடவினார். தலைவர் ஐயா, "சீ, ஊத்தை," என்று சொல்லித் தண்ணீர் புட்டியை எடுத்துக் கொடுத்தார். பிறகு மரத்துக்குப் பின்னால் போய்த் தானும் நக்கினார். நான் பார்த்துவிட்டேன்.

திரும்பும்போது கேட்டேன், "நானும் சங்கத்துல சேரலாமா ஐயா?"

"சேரலாம். ஆனா விதி இருக்குது. உம்மட இடத்திலை, நீரே எடுத்த பன்னிரண்டு கல். ஒவ்வொண்டிலையும் எங்கை எடுத்ததெண்டு எழுதி ஒட்டவேணும். அடுத்த கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை நிண்டு சொல்லவேணும்." பிறகு கிராணியிடம் தாழ்ந்த குரலில், "தோட்டத்துப் பிள்ளை, பிறகு வராது," என்றார். லோரிச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு ஒரே ஒரு டூர்மலின் துண்டோடு வந்தேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கல்லாடா?" என்றார். "ரயில் ரோட்டுக்குக் கல்லு ஒடச்சு ஒடச்சுத்தான் எங்கப்பா செத்தாரு. நான் பால் வெட்டுறேன். உன்ன டவுனு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது திரும்பக் கல்லுகிட்ட போறதுக்கா? இனிமே கையில கல்லப் பாத்தேன், ரோத்தான் பெரம்பு பிஞ்சிரும்."

துண்டு சாக்கடைக்குப் போனது. அவருக்குக் கல் என்றால் கூலி. கல்லைப் படிப்பவர்களும் உலகத்தில் உண்டு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அது எனக்கு இப்போது புரிகிறது. புரிவதால் அன்று அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது.

பன்னிரண்டையும் எடுத்தேன். சடக்கு, அதாவது தார் ரோடு, ஓரத்து வெட்டில் செம்புரைக்கல், உள்ளங்கையெல்லாம் சிவப்பாக ஒட்டும். மூடா ஆற்றங்கரையில் சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை. காலையில் பேர் கூப்பிட ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துக்குப் பின்னால் குவார்ட்ஸ், அதில் ஒரு பக்கம் தேன் நிறம். பழைய பங்களா மேட்டில் மணற்கல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, இங்கிலீஷ் எழுத்தில் இடமும் எண்ணும் எழுதினேன். இடையில் இலவம்பஞ்சு வைத்தேன். கட்டுவதற்கு அப்பா தைப்பூசத்துக்குக் கட்டிய மஞ்சள் துணியில் கிழிந்துபோன ஒரு முழம் கிடைத்தது. மூன்று முடிச்சு. வீட்டுக்குள் வைத்தால் அப்பா பார்ப்பார். பின்வாசல் படிக்குக் கீழே, பப்பாளி மரத்தடியில் புதைத்து வைத்தேன்.

இதைப் படிக்கும்போதே உங்களில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செய்வினைக் கட்டு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு அன்று வரவில்லை.

சங்கக் கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, கோழி கிளறிவிட்டது. அம்மா கூட்டுமாற்றோடு வந்தவர் மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். செம்புரைத் தூள் கசிந்து துணியெல்லாம் குங்குமம் கொட்டியது போல இருந்தது.

"ஐயோ! வச்சிட்டாளே! வாசல்லயே வச்சிட்டாளே!"

அப்பாவுக்கு அந்த மாதம் முழுக்கக் கணுக்காலில் ஆறாத புண். ஆடு பால் மறுத்திருந்தது. அம்மாவுக்கு ஒரே மூச்சில் எல்லாம் விளங்கிவிட்டது. பிளாஸ்திரியில் இங்கிலீஷ் எழுத்து இருக்கக் கண்டதும், வைத்தது யார் என்பதும் விளங்கிவிட்டது. எங்கள் அடுத்த வீட்டில் வேதக்கார அக்கா இருந்தார். பினாங்கில் கன்னியர் மடத்தில் வளர்ந்தவர். எங்கள் வரிசை பத்து வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பது அம்மாவின் கணக்கு. கறிவேப்பிலைச் செடியை எங்கள் ஆடு தின்றதில் இருவருக்கும் பேச்சு இல்லை. சொந்தப் பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்குப் போவது அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை.

பூசாரியை அழைத்து வந்தார்கள். மற்ற நாளில் தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவர். பத்து வீட்டு ஆட்களும் எங்கள் பின்வாசலில் கூடிவிட்டார்கள். வேதக்கார அக்கா தன் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பூசாரி வேப்பங்குச்சியால் முடிச்சை அவிழ்த்தார். கையால் தொடவில்லை. குச்சியாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"பன்னெண்டு. வீட்டுல எத்தன பேரு தாயி?"

"ஆறு பேருண்ணே."

"ஆளுக்கு ரெண்டு," என்றார் பூசாரி.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினார். "பச்சப் புள்ளைக்குக்கூடவாடி ரெண்டு வச்ச? ஒரு செடியத் தின்னதுக்கா?"

"எனக்கு வேற வேல இல்லையாக்கா?" என்றார் வேதக்கார அக்கா. குரல் நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் கட்டியிருந்த கையை அவிழ்த்து வேலியைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "அவ வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்கப்பா," என்றார்கள்.

பூசாரி, "மொதல்ல இத ஆத்துல விடணும், உச்சிப் பொழுதுக்குள்ள," என்றார்.

ஆற்றில் விட்டால் நாளைக்கு நான் எதைக் கொண்டு போவது? தோட்டத்துப் பிள்ளை பிறகு வராது என்ற குரல் காதில் கேட்டது. ரோத்தானும் நினைவுக்கு வந்தது. முன்னால் போய் நின்றேன்.

"அது என் கல்லு."

யாரும் கேட்கவில்லை. கத்தினேன். "என் கல்லு! நான்தான் எடுத்தேன். அது குவார்ட்ஸ், அது லேட்டரைட், அது ஷேல், அது சாண்ட்ஸ்டோன்!"

பூசாரி என் முகத்தை உற்றுப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா? பேசுறது பையன் இல்ல."

ஒரு பிடி திருநீறு என் நெற்றியில் வந்து விழுந்தது. கண்ணிலும் விழுந்தது. அம்மா அலறினார். உன் பெயரைச் சொல்லு, உன் ஊரைச் சொல்லு, எதுக்கு வந்தே சொல்லு என்று பூசாரி வேப்பிலையால் அடித்தார். உண்மையைச் சொன்னதற்கு அடி. எதைச் சொன்னாலும் அது பேய் பேசுவதாக ஆகும். சொல்லி நம்பவைக்க முடியாது, செய்துதான் காட்டவேண்டும்.

குனிந்து முதல் கல்லை எடுத்தேன். நாக்கை நீட்டி, எல்லோரும் பார்க்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நக்கினேன்.

அத்தனை பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். பூசாரி இரண்டடி.

இரண்டாவது கல். மூன்றாவது. செம்புரைக்கல் ஆணியைச் சப்பியது போல இருந்தது. மணற்கல் நாக்கை அறுத்தது. களிப்பாறையில் ஒரு ஏட்டைப் பல்லால் கடித்து மென்றேன். சேறு போலக் கரைந்தது. குவார்ட்ஸில் ஒன்றுமே இல்லை, குளிர் மட்டும். கண்ணில் திருநீற்று எரிச்சல், வாயெல்லாம் சிவப்பு. பார்த்தவர்களுக்கு ரத்தம் போலவே இருந்திருக்கும். ஒவ்வொன்றையும் நக்கி, பெயரைச் சொல்லி, எடுத்த இடத்தைச் சொல்லி, படியில் வரிசையாக வைத்தேன். ஈரத்தில் பன்னிரண்டும் பளபளவென்று நிறம் காட்டின. சங்கக் கூட்டத்தில் சொல்லவேண்டியதை எல்லாம் அன்றே சொல்லி முடித்தேன், கேட்டவர்கள்தான் வேறு.

"செத்துறுவான்," என்று யாரோ சொன்னார்கள்.

"சாவட்டும். அப்ப நம்புங்க," என்றேன்.

வேலிக்கு அப்பாலிருந்து வேதக்கார அக்கா கேட்டார், "தம்பி, எதுடா ருசி?"

"மூணாம் நம்பர் அக்கா!"

ஒருவர் சிரித்தார். பிறகு நாலைந்து பேர். சிரிப்பு வந்த இடத்தில் செய்வினை நிற்காது. வீட்டைக் காலி பண்ணச் சொன்ன குரலும் மெல்லப் பின்னால் நழுவிவிட்டது. ஆனால் பூசாரியும் மனிதர்தானே, அவருக்கும் முகம் வேண்டும். "பையனுக்கு ஒண்ணும் ஆகல, சாமி காப்பாத்திருச்சு. ஆனா கட்டின கட்டு ஆத்துக்குப் போயே ஆகணும்," என்றார். நான் குறுக்கே விழுந்தேன். கூட்டத்தோடு நின்றிருந்த அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தன் கையாலேயே பன்னிரண்டையும் துணியில் அள்ளிக் கொடுத்தார். டிராக்டர் மூடா ஆற்றுப் பக்கம் போகும் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டேன்.

அன்று எனக்கு அடி விழவில்லை. அம்மா வேதக்கார அக்காவிடம் மன்னிப்பு கேட்கவும் இல்லை. எனக்கு முன்னால் பிறந்த ஒரு குழந்தையை அம்மா காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அந்தப் பயத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தப் பழிச்சொல்லுக்கு மாட்டேன்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் பேருந்து ஏறினேன். வெறுங்கை. கூட்டத்தில் எட்டுப் பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கை கல்?" என்றார் தலைவர் ஐயா.

"ஆத்துல போட்டுட்டாங்க ஐயா. ஆனா பன்னெண்டும் சொல்லுறேன்." பன்னிரண்டும் சொன்னேன். எது எங்கே, எந்த நிறம், நாக்கில் எப்படி.

தவுக்கே கை தட்டினார். ஐயா தட்டவில்லை. "கதை நல்லாய் இருக்குது. ஆனா கல் இல்லாமல் சேர்க்க ஏலாது தம்பி. விதி விதிதான்." ரயில்வே கிராணியின் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன் அல்லவா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

பேருந்தில் திரும்பும்போது அழுதேன் என்றுதான் எழுதவேண்டும். அழவில்லை. கணக்குப் போட்டேன். கல்லை ஆற்றில் போட்டார்கள், சரி. சடக்கை ஆற்றில் போட்டார்களா? பங்களா மேட்டைப் போட்டார்களா? அன்று மாலையே மறுபடியும் இறங்கினேன்.

இந்த முறை புதைக்கவில்லை. எடுத்த கல்லை முன்வாசல் படியில், போகிற வருகிற எல்லோரும் பார்க்க, பிளாஸ்திரி மேலே தெரிய வரிசையாக வைத்தேன். அப்பா வேலை முடிந்து வந்தார். பார்த்தார். புண் இல்லாத காலால் ஓர் உதை. கற்கள் முற்றத்தில் சிதறின. அவர் உள்ளே போனதும் பொறுக்கிக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தேன். அடுத்த நாள் இன்னும் இரண்டு கல் கூடுதல். மறுபடி உதை. மறுபடி பொறுக்கினேன். பக்கத்து வீட்டார் அந்த நேரத்துக்குச் சரியாக வாசலுக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள். அம்மா கற்களைத் தொடாமல் சுற்றிக் கூட்டினார்.

வரிசை படியின் முழு அகலத்துக்கும் நீண்டுவிட்ட ஒரு மாலை, அப்பா வந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரோத்தான் கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. அவர் கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணுக்கால் வலியோடு, கட்டுப்போட்ட காலை மிக உயரமாகத் தூக்கி, வரிசையைத் தாண்டி உள்ளே போனார்.

அடுத்த கூட்டத்தில் பிங்பாங் மேசை மேல் கற்களைப் பரப்பினேன். தலைவர் ஐயா ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். கடைசிக் கல்லில் விரல் நின்றது.

"பன்னிரண்டுதானே கேட்டனான்? இது பதின்மூன்று."

"ஆமாங்க ஐயா. ஒண்ண நீங்க ஆத்துல போட்டாலும் பன்னெண்டு இருக்கும்."

தவுக்கேயின் மூன்று தங்கப்பல்லும் வெளியே வந்தன. ஐயா என் முகத்தைப் பார்த்தார், இந்த முறை காலைப் பார்க்கவில்லை. பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, "உம்மட பேரைச் சொல்லும்," என்றார்.